பழைய மோட்டாரும் பால்மரக் காடும்

பழம்பொருளைப் போற்றுவோர் உலகெங்கும் உளர். ஏட்டுச்சுவடியையும் செப்பேட்டையும் தேடித் திரிவாரைப் போலவே, இரண்டாம் உலகப் போருக்கு முன் செய்யப்பட்ட மோட்டார் வண்டிகளைத் தேடிப் பிடித்து, பழுது நீக்கி, மெருகேற்றி, ஓட்டி மகிழ்வாரும் ஒரு கூட்டத்தார். இங்கிலாந்தில் இதற்கென்றே 1934-ஆம் ஆண்டில் ‘விண்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கிளப்’ என்னும் கழகம் தோன்றிற்று. 1930-ஆம் ஆண்டு முடியச் செய்யப்பட்ட வண்டிகளே அப்பெயர்க்கு உரியன என்பது அக்கழகத்தார் வகுத்த வரம்பு. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இத்தகைய வண்டிகளுக்கெனப் பதிவகமும் ஆர்வலர் குழுக்களும் உண்டு.

இவ்வண்டிகளைப் பற்றிய நூல்கள் பித்தளை விளக்கின் அழகையும், பொறியின் ஓசையையும், மரச்சட்டத்தின் நுண்வேலையையும் பக்கம் பக்கமாகப் பேசும். சக்கரத்தைச் சுற்றியிருந்த ரப்பருக்கு ஓரிரு வரியே கிடைக்கும். ஆனால் அந்த ரப்பர் விளைந்த மண்ணில் நின்று நோக்குவார்க்கு மோட்டாரின் வரலாறு வேறு முகம் காட்டும். அம்மண்ணில் ஒரு துண்டு சிலிம் ரிவர்.

பேராக் மாநிலத்தின் தென்பகுதியில், துரோலாக்குக்குத் தெற்கிலும் தஞ்சோங் மாலிமுக்கு வடக்கிலும் அமைந்த சிற்றூர் இது. ஈப்போவையும் கோலாலம்பூரையும் இணைக்கும் பழைய நெடுஞ்சாலையும் இருப்புப்பாதையும் இதன் வழியே செல்கின்றன. சாலையின் இருமருங்கும் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் அடர்ந்து நின்றன. மலாய் மொழியின் ‘கெத்தா’ என்னும் சொல்லைத் தோட்டத்துத் தமிழர் ‘கித்தா’ ஆக்கிக்கொண்டனர். மரத்தை மட்டும் ‘பால்மரம்’ என்றே வழங்கினர். அப்பெயரில் கடன் ஏதும் இல்லை.

முதலில் வண்டியைக் காண்போம். விசையைத் திருப்பியதும் புறப்படும் வண்டிக்குப் பழகியவர்க்கு அக்கால வண்டியை ஓட்டும் கலை புதிராகவே தோன்றும். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி எண்ணிக்கையில் செய்யப்பட்ட ஃபோர்டு ‘டி’ வண்டியைச் சான்றாகக் கொள்ளலாம். அதில் மிதிகட்டைகள் மூன்று. இடப்பக்கத்தது வேகப்பல்லை மாற்றும், நடுவிலுள்ளது பின்னோக்கிச் செலுத்தும், வலப்பக்கத்தது நிறுத்தும். எரிபொருளைக் கூட்டவும் குறைக்கவும் கால் வேண்டியதில்லை. திருப்புசக்கரத்தின் கீழுள்ள கைப்பிடியே போதும். தீப்பொறி தோன்றும் நேரத்தை முன்பின் ஆக்குவதற்கு மற்றொரு கைப்பிடி. வண்டியின் முன்னே நின்று இரும்புக் கைப்பிடியைச் சுழற்றியே பொறியை உயிர்ப்பிக்க வேண்டும். தீப்பொறிக் கைப்பிடியைத் தணித்து வைக்க மறந்தால் இரும்பு எதிர்த்து உதைக்கும். அதனால் மணிக்கட்டு முறிந்தவர் பலர். கட்டைவிரலை மற்ற விரல்களுக்கு எதிரே மடக்காமல் ஒரே பக்கமாக வைத்துப் பிடிக்கவேண்டும் என்பது பழைய வண்டி பழகுவோர்க்கு இன்றும் சொல்லப்படும் முதற்பாடம். பெட்ரோல் இருக்கையின் கீழிருந்த கலத்திலிருந்து தானே வழிந்து இறங்க வேண்டியிருந்தமையால், செங்குத்தான மேட்டில் சிலர் வண்டியைத் திருப்பிப் பின்னோக்கி ஏற்றினர்.

குளிர்நாடுகளில் தொல்லை இன்னும் மிகுதி. இரவில் பொறியின் நீர் உறைந்து இரும்பைப் பிளக்கும் என்று அஞ்சி, மாலையில் வடித்துவிட்டுக் காலையில் வெந்நீர் வார்ப்பர். எண்ணெய் இறுகிக் கைப்பிடி சுழலாது. பனி மூடிய சாலையில் சக்கரம் வழுக்கும். அதற்காக டயரைச் சுற்றி இரும்புச் சங்கிலி பூட்டினர். இத்தகைய சங்கிலிக்கு அமெரிக்காவில் 1904-இல் காப்புரிமை வழங்கப்பட்டது. இத்தனை இடர்களையே விளையாட்டாக்கி, 1911-ஆம் ஆண்டு ஜனவரியில், ஐரோப்பாவின் பல நகரங்களிலிருந்தும் புறப்பட்டு மான்டி கார்லோவை அடையும் பந்தயத்தைத் தொடங்கினர். பழைய வண்டிகளைப் பனியில் ஓட்டி மகிழ்வோர் இன்றும் அந்நாடுகளில் உண்டு.

பனியில் உருண்ட அந்த டயரின் பால், பனியே கண்டறியாத காட்டில் வடிந்தது. இது வேதியியல் தந்த வியப்பு. பதப்படாத ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும். குளிரில் விறைத்து வெடிக்கும். கந்தகம் சேர்த்துச் சூடேற்றினால் இரண்டையும் தாங்கும் என்பதை 1839-இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் கண்டறிந்தார். 1888-இல் டன்லப் காற்றடைத்த டயரை மிதிவண்டிக்கு அமைத்தார். 1895-இல் மிஷலின் உடன்பிறந்தார் அதனை மோட்டாரில் பூட்டிப் பாரிஸ்-போர்தோ பந்தயத்தில் ஓட்டினர். முதற்காலத்து டயர்கள் வெளிறிய நிறத்தன. கரித்தூளைக் கலந்தால் தேய்மானம் குறைகிறது என்று தெளிந்த பிறகே அவை கறுத்தன.

அக்காலத்து டயர் அடிக்கடி வெடிக்கும். சாலையோரம் அமர்ந்து ஒட்டுப்போடுவது பயணத்தின் ஒரு பகுதி. அதற்கு மாற்றாக வேல்ஸ் நாட்டின் லனெல்லி நகரில், ஸ்டெப்னி என்னும் தெருவில் தொழில் நடத்திய டேவிஸ் உடன்பிறந்தார் 1904-இல் ஒரு துணைச் சக்கரத்தை உருவாக்கினர். தமிழ்நாட்டில் இன்றும் ஓட்டுநர் வாயில் ‘ஸ்டெப்னி’ என வழங்கும் சொல் அத்தெருவின் பெயரே. கருத்து மட்டும் நமக்குப் புதிதன்று. உப்பு வணிகர் தம் வண்டியின் கீழே மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் சென்றதை ஔவையார் புறநானூற்றில் உவமையாக ஆண்டிருக்கிறார். ‘சேம அச்சு’ என்னும் அவர்தம் சொல்லைக் கொண்டு ஸ்டெப்னியைச் ‘சேமச் சக்கரம்’ எனலாம்.

இனிப் பால்மரம். அது பிரேசில் நாட்டுக்கு உரியது. 1876-இல் விக்ஹாம் என்பார் கொணர்ந்த 70,000 விதைகளில் முளைத்தவை மிகச் சில. அவற்றின் வழிவந்த 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூரை அடைந்தன. ஒன்பது பேராக்கின் கோலாகங்சாரில் நடப்பட்டன. ஒரு மரம் அங்கே நெடுங்காலம் போற்றப்பட்டு வந்தது. 1888-இல் சிங்கப்பூர்ப் பூங்காவின் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையை மெல்லச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தார். விதைகளைச் சட்டைப்பையில் நிரப்பிக்கொண்டு காண்போரிடமெல்லாம் நடச் சொன்ன அவரைப் பித்தர் என்றனர். மோட்டார் பெருகியதும் நகைத்தவர்களே நிலம் தேடினர். 1910-இல் ரப்பர் விலை ராத்தலுக்கு 12 ஷில்லிங்கைத் தாண்டிற்று. தமக்கென ரப்பர் விளைக்க எண்ணிய ஃபோர்டு, பிரேசிலில் பெருந்தோட்டம் நிறுவிப் பார்த்தார். இலைநோய் அதனை அழித்தது. 1945-இல் அத்தோட்டம் கைவிடப்பட்டது. மலாயாவில் நிலைத்தது அங்கே நிலைக்கவில்லை.

மலாயாவில் அது நிலைத்ததற்கு மண் மட்டும் காரணம் அன்று. காடழித்ததும், கன்று நட்டதும், பால் வெட்டியதும் பெரும்பாலும் தமிழ்க் கைகள். ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் நிறுத்தப்பட்ட பின் கங்காணி முறையே ஆட்களைத் திரட்டிற்று. விடியுமுன் பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, வெயில் ஏறுமுன் முந்நூறு நானூறு மரங்களை உளியால் சீவ வேண்டும். வெயில் ஏறினால் பால் நின்றுவிடும். மங்குகளில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, கொட்டகையில் புளிக்காடி வார்த்து உறையவைத்து, தகடாக்கிப் புகையூட்டுவர். அந்தத் தகடுகளே கப்பலேறின.

துரையின் மோட்டார் தோட்டத்துச் செம்மண் பாதையில் புழுதி கிளப்பி வரும்போது, பால் வெட்டிய கையின் விளைவு அதன் நான்கு சக்கரத்திலும் சுற்றியிருந்தது. அவ்வண்டி வெட்டியவனுக்கு எவ்வளவு தொலைவில் இருந்தது என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். 1935-இல் ஃபோர்டு நிறுவனம் இங்கிலாந்தில் 100 பவுண்டுக்கு ஒரு சிறுவண்டியை விற்றது. அக்காலத்தில் மிக மலிவான விலை இது. நீரிணைக் குடியேற்ற வெள்ளி ஒன்றுக்கு 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்னும் மாற்றுவிகிதப்படி, இது ஏறத்தாழ 857 வெள்ளி. 1936 இறுதியில் மலாயா வந்து தொழிலாளர் நிலையை ஆராய்ந்த சீனிவாச சாஸ்திரியார், ஆணுக்கு நாளொன்றுக்கு 50 சென்ட், பெண்ணுக்கு 40 சென்ட் என்னும் முன்னைய கூலியை மீட்டுத்தரவேண்டும் என்றே பரிந்துரைத்தார். 50 சென்ட் வீதம் 857 வெள்ளி சேர 1,714 நாள் ஆகும். ஒரு நாளும் ஓயாமல், ஒரு சென்டும் உண்ணச் செலவிடாமல் உழைத்தால் நாலரை ஆண்டுக்கு மேல். கப்பற்கூலியும் வரியும் தனி. பெண்ணுக்கோ ஆறு ஆண்டுக்குச் சற்றே குறைவு. அந்தக் கூலியும் நிலைக்கவில்லை. ரப்பர் விலை சரியவே 1938-இல் மீண்டும் குறைக்க முற்பட்டனர். அவ்வாண்டு ஜூன் மாதம் இந்திய அரசு தோட்டத் தொழிலாளரை உதவியளித்து அனுப்பும் குடியேற்றத்தைத் தடை செய்தது.

வண்டிக்கு டயர் வேண்டுவது போலவே சாலையும் வேண்டும். கூட்டு மலாய் மாநிலங்களின் சாலைகள் கீழ்த்திசையிலேயே சிறந்தவை என வெளிநாட்டார் பாராட்டினர். கல்லுடைத்து, பரப்பி, தார் ஊற்றிய பொதுப்பணித் துறைக் கூலிகளிலும் தமிழரே மிகுதி. பின்னர் மோட்டாரின் வேகத்துக்கு ஏற்பச் சாலையின் வளைவுகளை நேராக்கினர். துரோலாக்குக்கு வடக்கே, நேர்ச்சாலைக்கு அருகில், கைவிடப்பட்ட பழைய வளைவுகள் ரப்பர் மரங்களிடையே அங்கங்கே துண்டு துண்டாகக் கிடந்தன. அவற்றைப் பொருட்படுத்துவார் இல்லை.

1942-ஆம் ஆண்டு ஜனவரி 7-ஆம் நாள் அவ்வளவுகளின் பயன் வெளிப்பட்டது. வடக்கிலிருந்து பின்வாங்கிய பதினோராம் இந்தியப் படைப்பிரிவு, சிலிம் ரிவர்ப் பகுதியில் சாலையை மறித்து நின்றது. விடியுமுன், நிலவொளியில், ஷிமாடா என்பார் தலைமையில் ஜப்பானிய டாங்கிகள் நெடுஞ்சாலை வழியாகவே பாய்ந்தன. சாலைத்தடையும் கண்ணிவெடியும் முன்வண்டிகளை நிறுத்தியபோது, பின்வந்தவை காவலின்றிக் கிடந்த பழைய வளைவில் இறங்கித் தடையைச் சுற்றிக்கொண்டு பாதுகாவலரின் பின்புறத்தில் ஏறின. ஹைதராபாத், பஞ்சாப் படையினரையும், துரோலாக்கில் ஸ்காட்லாந்து வீரரையும் கடந்து சென்றன. குளூனி தோட்டத்தருகே சாலையில் அணிவகுத்து நடந்துகொண்டிருந்த கூர்க்கா வீரர்கள், பின்னால் வருவது பகைவரின் டாங்கி என உணருமுன்பே சிதறடிக்கப்பட்டனர். காலை எட்டரை மணியளவில் டாங்கிகள் சிலிம் ஆற்றுப் பாலத்தில் இருந்தன. வெடிமருந்து இணைக்கப்பட்ட கம்பியை வாத்தனாபே என்னும் இளம் அதிகாரி வாளால் வெட்டினார். பாலம் தப்பியது. அதற்கு அப்பால் இரண்டு மைல் தொலைவில் ஒரு பீரங்கி முதல் டாங்கியை மிக அண்மையில் சுட்டு வீழ்த்தும்வரை பாய்ச்சல் நிற்கவில்லை. ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் இரண்டு படையணிகள் சிதைந்தன. பாலத்துக்கு வடக்கே நின்ற லாரிகளும் கார்களும் பீரங்கிகளும் பகைவர் கைக்கு மாறின. நான்கு நாளில் கோலாலம்பூர் வீழ்ந்தது.

அப்படையெடுப்பில் ஜப்பானியக் காலாட்படையினர் பலர் மிதிவண்டியில் வந்தனர். வெப்பத்தில் டயர் வெடித்தால், கழற்றி எறிந்துவிட்டு வெறும் இரும்பு வளையத்தின் மீதே ஓட்டினர். இரவில் அந்தக் கடகட ஓசையை டாங்கி என மயங்கியோரும் உண்டு. உலகின் ரப்பரில் பெரும்பங்கு விளைந்த நாட்டில், சக்கரத்துக்கு ரப்பர் இன்றிப் படை நடந்தது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் சரணடைந்த உடன்பாடு கையெழுத்தானதும் ஒரு மோட்டார்த் தொழிற்சாலையில்தான். புக்கிட் தீமாவில் ஃபோர்டு நிறுவனம் கட்டி முடித்து நான்கு மாதமே ஆகியிருந்த கட்டடம் அது.

ஆட்சி மாறியதும் ரப்பரை வாங்குவார் இல்லை. தோட்டங்களில் கூலி நின்றது. சயாம் மரண இருப்புப்பாதைக்கு ஆயிரமாயிரம் தமிழர் கொண்டுபோகப்பட்டனர், பலர் திரும்பவில்லை. பெட்ரோல் கிடைக்காமையால் ரப்பரைக் காய்ச்சி எரிபொருள் எடுக்கும் முயற்சியும் நடந்தது. தம் கார்களைப் பகைவர் கொள்ளாதபடி ஒளித்தவர்களும், தாமே பழுதாக்கியவர்களும் இருந்தனர். இன்று மலேசியாவில் எஞ்சிய போர்முன் வண்டிகள் இத்தகைய காலத்தைக் கடந்து வந்தவை என்பதை மறக்கலாகாது.

சிலிம் ரிவரைச் சூழ்ந்த நிலத்தில் இப்போது செம்பனை மிகுதி. 1994-இல் வடக்கு தெற்கு விரைவுச்சாலை முழுமையடைந்த பின் பழைய நெடுஞ்சாலையில் நெடுந்தூர வண்டிகள் குறைந்தன. மணிக்கு முப்பது நாற்பது மைலுக்கு மேல் விரும்பாத பழைய வண்டிக்கு அத்தகைய சாலையே ஏற்றது.

பழைய வண்டியைப் புதுக்குவோர் பொறியை மீட்பர், பித்தளையை மீட்பர், தோலையும் மரத்தையும் கூட மீட்பர். டயரை மட்டும் மீட்க முடிவதில்லை. காற்றும் ஒளியும் பட்டு ரப்பர் இறுகும், வெடிக்கும், உதிரும். ஓடாமல் நின்ற வண்டியிலும் அஃது அழியும். ஆகையால் தொண்ணூறு ஆண்டுக்கு முந்திய வண்டியும் அண்மையில் வார்த்த டயரின் மீதே ஓடுகிறது. பழைய அளவிலும் பழைய வரியிலும் அவற்றை வார்த்துத் தரும் நிறுவனங்கள் இன்றும் உள்ளன. கண்காட்சியில் வைக்கும் பலகையில் அடிச்சட்டத்தின் எண்ணும், பொறியின் எண்ணும், உரிமையாளர் வரிசையும் எழுதப்படுகின்றன.