வேதபுரியில் காண வேண்டுவன

மாசி மகத் தீர்த்தவாரிக்காக ஆண்டுதோறும் புதுவை வைத்திக்குப்பம் கடற்கரையில் அடியார்கள் திரள்கின்றனர். மயிலம் முருகப்பெருமான் உள்ளிட்ட பல ஊர் மூர்த்திகளும் அங்கு எழுந்தருளுகின்றனர். கடலாடியவுடன் பேருந்தைத் தேடி விரைந்துவிடாமல், அரை நாள் இவ்வூரில் தங்கிச் செல்லுங்கள் என்பதே அடியேன் விண்ணப்பம்.

கரையோரமாகத் தெற்கே நடந்தால் அடுத்து வருவது குருசுக்குப்பம். குப்பம் என்பது பரதவர் சேரி. குருசு என்பதோ போர்த்துகீசியர் வழியாகத் தமிழில் புகுந்த சொல். சிலுவை என்று பொருள். 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத் தடுப்புகள் எழும்பியபின் மணலின் வடதிசை ஓட்டம் தடைப்பட்டு, இக்கரை மெலிந்தது. கருங்கல் கொட்டிக் காத்தனர்.

இனி ஊருக்குள் செல்வோம். மிஷன் வீதியில் சம்பா கோயில் என்னும் மாதா கோயில் நிற்கிறது. அதன் அருகேதான் பழைய வேதபுரீசுவரர் ஆலயம் இருந்தது. அதனை அகற்றப் பாதிரிமார் அரை நூற்றாண்டுக் காலம் முயன்றனர். குடிகள் ஊரை விட்டு வெளியேறுவோம் என்று எழுந்தபோது கவர்னர்கள் பின்வாங்கினர். நெசவாளரும் வணிகரும் போய்விட்டால் கம்பெனிக்கு ஏது வாணிகம்? ஆனால் 1748இல் ஆங்கிலேயர் படை நகரை முற்றுகையிட்டது. வெளியே பகைவர் நிற்க, குடிகள் எங்கே போவது! துய்ப்ளே கவர்னராக இருந்த அந்நாளில், செப்டம்பர் மாதத்தில், ஆலயம் இடிக்கப்பட்டது. அவ்விவரங்களை எடுத்துரைக்க நா எழவில்லை.

அவற்றை நாம் அறிவது யாரால்? கவர்னரின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளையால். 1736இல் தொடங்கி 1761இல் தாம் மறையும் காலம்வரை அவர் எழுதிய நாட்குறிப்பு, 1846இல் வெளிப்பட்டது. பிள்ளை வைணவர். தம்மால் தடுக்க இயலாததை அவர் மறைக்கவும் இல்லை. ஊரார் ஒன்றுபடாத குறையையும் சேர்த்தே எழுதினார். சிவாலயத்தின் துயரைக் காத்துத் தந்தது ஒரு வைணவரின் எழுதுகோல் என்பதைச் சைவர்களாகிய நாம் நன்றியோடு நினைக்க வேண்டாமா? ரங்கப்பிள்ளை வீதி வழியாகச் செல்கையில் சற்றே நின்று செல்லுங்கள்.

பின்னர் நிகழ்ந்ததையும் கேளுங்கள். 1761இல் ஆங்கிலேயர் புதுவையைப் பிடித்துக் கோட்டையையும் நகரையும் தரைமட்டமாக்கினர். அந்த மாதா கோயிலும் தப்பவில்லை. இப்போது நாம் காணும் மாதா கோயில் 1791இல் நிறைவுற்றது. அதற்கு மூன்றாண்டுகள் முன்னர், 1788இல், திவான் கந்தப்ப முதலியார் முயற்சியால் வேதபுரீசுவரர் புதிய இடத்தில் கோயில் கொண்டுவிட்டார்.

அவ்விடம் மேற்கே, இன்றைய மகாத்மா காந்தி சாலையில், நடக்கும் தொலைவிலேயே உள்ளது. அம்மை திரிபுரசுந்தரி. பாடல் பெற்ற தலம் அன்று. அதற்கு நீங்கள் திருவாண்டார்கோயிலுக்கோ இரும்பை மாகாளத்திற்கோ செல்ல வேண்டும். ஆயினும் இடிபட்டும் எழுந்த இச்சந்நிதியில் நிற்கையில் அடியேனுக்கு உண்டாகும் உருக்கம் வேறு. அதே சாலையில் வரதராசப் பெருமாளும் வீற்றிருக்கிறார், அவரையும் வணங்குங்கள். ஈசுவரன் கோயில் தெருவில், 1908 முதல் 1918 வரை புதுவையில் அடைக்கலம் புகுந்திருந்த பாரதியார் வாழ்ந்த வீடு நினைவில்லமாக உள்ளது. அதைப் பகலிலேயே பார்த்துவிட்டால், மாலைப் பூசைக்கு மீண்டும் சந்நிதிக்கு வந்து சேரலாம்.