பள்ளியின் பெயர் சொல்ல நாணமா?

“எந்தப் பள்ளியில் படிக்கிறாய், தம்பி?” என்று சேத்தியாத்தோப்புப் பேருந்து நிறுத்தத்தில் ஒருவர் கேட்டார். “பக்கத்தில்தான்” என்றான் மாணவன், பெயரைச் சொல்லவில்லை. ஆசிரியனாகிய என் நெஞ்சை அந்தத் தயக்கம் சுட்டது. நெய்வேலி நகரியத்துப் பள்ளி என்றால் தலை நிமிர்கிறது. ஊர்ப்புறத்து அரசுப் பள்ளி என்றால் நா தடுமாறுகிறது! ஏன் இந்த நாணம்?

அருகிலுள்ள சிதம்பரத்தின் வரலாறு விடை கூறும். தீயில் மூழ்கி எழுந்த பின்னரே நந்தன் தில்லைக் கோயிலுள் நுழைய முடிந்தது என்கிறது புராணம். அதே ஊரில், 1916-ஆம் ஆண்டு, ஒடுக்கப்பட்ட குடியில் பிறந்த சுவாமி சகஜானந்தர், நந்தனார் பெயராலேயே பள்ளி தொடங்கினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் எழுந்தது 1929-இல். அதற்கு 13 ஆண்டுகள் முன்பே சேரிப் பிள்ளைகளுக்குத் திறந்த கதவு அது! எந்தப் பெயரைச் சொல்லி ஒதுக்கினரோ, அந்தப் பெயரையே பள்ளிக்குச் சூட்டினார். தீக்குளித்து வா எனவில்லை. எழுத்தறிந்து செல் என்றார். சட்டமன்றத்திலும் அம்மக்களுக்காக வாதாடிய அவர் 1959-இல் மறைந்தார். அவர் நட்ட பள்ளி இன்று அரசு மேல்நிலைப் பள்ளியாய் நிற்கிறது. அவருடைய காவியுடையில் நமக்கு உடன்பாடு இல்லாதிருக்கலாம். கல்விப் பணியில் மாறுபாடு ஏது?

தம்பி! பள்ளியின் பெருமை மாடியிலும் இல்லை, கட்டணத்திலும் இல்லை. யாருக்குக் கதவைத் திறந்தது என்பதில் இருக்கிறது. கூரை ஒழுகினால், நாண வேண்டியவர் அதைச் செப்பனிடக் கடமைப்பட்டவர், நீயல்லை. இனி எவரேனும் கேட்டால், உன் பள்ளியின் பெயரை உரக்கச் சொல்!