விலங்கியல் துறையின் காந்த நாடாக்கள்

இன்று தம் இல்லத்தில் ஒரு ஃபைல் சர்வரை அமைத்துக்கொண்டு, புகைப்படங்களுக்கு இவ்வளவு, சங்கீதத்துக்கு இவ்வளவு, குடும்பப் பத்திரங்களுக்கு இவ்வளவு என்று வட்டின் இடத்தைப் பங்கிட்டு வைப்பவர்கள், ஒரு பங்கு நிரம்பியவுடன் எதை நீக்குவது, எதை வேறிடம் பெயர்ப்பது என்று செய்யும் விசாரம் புதியதன்று. டொராண்டோ சர்வகலாசாலையின் விலங்கியல் துறையில் அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட சரித்திரம் உண்டு.

அத்துறையின் கணினிகளைப் பராமரித்து வந்த ஹென்றி ஸ்பென்ஸர், அமெரிக்க மாணாக்கர் சிலர் 1979-இல் திட்டமிட்டு மறு ஆண்டில் நடைமுறைக்குக் கொணர்ந்த யூஸ்நெட் என்னும் செய்திப் பரிமாற்ற வலையில், 'யூட்சூ' என்று பெயரிட்ட கணினியின் வாயிலாக 1981-இல் சேர்ந்தார். அமெரிக்காவுக்கு வெளியே முறையாக இயங்கிய முதல் யூஸ்நெட் நிலையம் அதுவே. பிற நிலையங்களிலிருந்து வந்து சேரும் கடிதம் ஒவ்வொன்றும் தனிக் கோப்பாக வட்டில் அமர்ந்தது. கடிதங்கள் நாளுக்கு நாள் விருத்தியடைந்தன, வட்டோ வளரவில்லை. ஆகவே குறித்த நாட்கள் கழிந்த கடிதங்களைக் காலாவதியாக்கி அழித்துவிடுவதே எங்கும் வழக்கமாயிற்று. வட்டின் விலை மிகுந்திருந்த அக்காலத்து நிர்வாகிகளை அதற்காக நாம் குறை கூறலாகாது. ஆயினும் ஸ்பென்ஸர், வட்டிலிருந்து ஒன்றை அகற்றுவது வேறு, உலகத்திலிருந்தே அதை அகற்றுவது வேறு என்று உணர்ந்தவராய், கடிதங்களைக் காந்த நாடாக்களில் படியெடுத்து வைத்தார்.

அக்காலத்தில் பரவலாக வழங்கிய 2,400 அடிச் சுருளில், அங்குலத்துக்கு 1,600 எழுத்து வீதம் பதிந்தாலும், நாலரைக் கோடி எழுத்துகளுக்குச் சற்று மிகுதியாகத்தான் கொள்ளும். இடையிடையே விடும் வெற்றிடத்தைக் கழித்தால் அதனினும் குறையும். இன்றைய கைப்பேசிப் படங்கள் பத்துப் பதினைந்துக்கே அந்தச் சுருள் போதும். அத்தகைய சாதனங்களின் காலத்தில் சேமிப்பது ஒரு தீர்மானமான காரியம், தானாக நிகழ்வதன்று.

ஸ்பென்ஸரும் ஜியாஃப் காலியரும் சேர்ந்து இயற்றி, 1987-இல் ஒரு கட்டுரையின் வாயிலாக விளக்கிய 'சி நியூஸ்' என்ற யூஸ்நெட் மென்பொருளில் இந்த மனப்பான்மையே ஒரு விதியாக அமைந்திருப்பதைக் காண்கிறோம். காலாவதியை ஆளும் அதன் பட்டியலில் வரிதோறும் நான்கு செய்திகள் இடம்பெற்றன: கடிதம் எந்தச் செய்திக்குழுவைச் சேர்ந்தது, அக்குழு நடுவர் மேற்பார்வை உடையதா இல்லையா, எத்தனை நாள் வைத்திருப்பது, காலம் முடிந்ததும் எங்கே ஆவணப்படுத்துவது. முதல் மூன்றும் சிக்கனம் அறிந்த எவரும் எழுதக்கூடியவை. நான்காவதுதான் என் மனத்தைக் கவர்கிறது. அழிப்பதற்கென்றே அமைந்த ஒரு கருவியினுள் காப்பதற்கும் ஓர் இடம் ஒதுக்கிய தீர்க்கதரிசனம் அது.

1991 வரையில் இவ்வாறு 141 நாடாக்கள் சேர்ந்தன; அவற்றில் இருபது லட்சத்துக்கு மேற்பட்ட கடிதங்கள் இருந்தன. நாடாவும் அழியும் பொருளே. அதைப் படிக்கும் பொறியும் வழக்கொழிந்து போகும். செல்லரிக்குமுன் சுவடியைப் பெயர்த்தெழுதிய நம் முன்னோர்க்கு இருந்த கவலையே மேற்கு ஒண்டாரியோ சர்வகலாசாலையின் டேவிட் வைஸ்மனுக்கும் இருந்திருக்க வேண்டும். அவர் அந்த நாடாக்களைப் பெற்றுச் சென்று, சகாக்களின் துணையோடு அவற்றைப் படித்து வட்டுக்கு மாற்றினார். 2001-இல் அத்தொகுதி கூகிள் நிறுவனத்தை அடைந்து, அவ்வாண்டு டிசம்பரில் பொதுமக்களின் பார்வைக்கு வந்தது. 1986-இல் சாலஞ்சர் விண்கலம் சிதறியபோதும் செர்னோபில் அணு உலை வெடித்தபோதும் மனிதர்கள் ஒருவருக்கொருவர் பதறி எழுதியவை, எழுதியவர்களே பெரும்பாலும் படி வைத்திராதவை, அதன் பின்னரே மீண்டும் வாசிக்கக் கிடைத்தன.