சொரியாசிஸ்: ஒளிச்சிகிச்சை முறைகள்

சித்த மருத்துவத்தில் காளாஞ்சகப்படை எனக் குறிக்கப்படும் சொரியாசிஸ் என்னும் நாட்பட்ட சரும வியாதிக்குப் புற ஊதாக் கிரணங்களைக் கொண்டு செய்யப்படும் சிகிச்சை. ஆரோக்கியமான உடலில் ஏறக்குறைய நான்கு வாரங்களில் நிகழும் மேல்தோலின் புதுப்பிப்பு, இவ்வியாதியில் சில நாட்களுக்குள் நடந்துவிடுவதால், முதிராத உயிரணுக்கள் வெண்செதில்களாகக் குவிகின்றன. கிரணங்கள் அவ்வேகத்தைத் தணிப்பதோடு, அழற்சியைத் தூண்டும் வெள்ளணுக்களையும் மாய்க்கின்றன.

1925-இல் அமெரிக்காவில் கெக்கர்மன் என்பவர் நிலக்கரித் தாரைப் பூசிப் புற ஊதாக் கிரணங்களைப் பாய்ச்சிய முறை பல்லாண்டுகள் கையாளப்பட்டது. மிகக் குறுகிய அலைகள் தோலைச் சுடுமேயன்றி வியாதியைத் தணிக்கமாட்டா என்பது 1980-களின் தொடக்கத்தில் தெளிவாகவே, 311 நானோமீட்டரை ஒட்டிய புற ஊதா பி-கிரணங்களை மட்டும் உமிழும் விளக்குகள் அப்பத்தாண்டில் பிரயோகத்துக்கு வந்தன. குறும்பட்டை முறை எனப்படும் இதில், நோயாளி காப்புக் கண்ணாடி அணிந்து, மர்ம ஸ்தானத்தை மறைத்துக்கொண்டு, ஆளுயரக் குழல்விளக்குகள் சூழ்ந்த பெட்டிக்குள் நிற்கிறார். தோல் சிவக்கிறதா என்று பார்த்துப் பார்த்து நேரம் கூட்டப்படும். வாரத்தில் இருமுறை அல்லது மும்முறையாக, பெரும்பாலும் இருபது முப்பது அமர்வுகள் வேண்டியிருக்கும்.

1974-இல் பாஸ்டன் மருத்துவர்கள் வெளியிட்ட 'பூவா' முறையில், சோராலன் மாத்திரையை உட்கொண்டு, இரண்டு மணி நேரம் கழித்துப் புற ஊதா ஏ-கிரணங்களை ஏற்க வேண்டும். சோராலனோ நம் நாட்டு மருந்துக்கடைகளில் கிடைக்கும் கார்போகரிசியில் இயற்கையாகவே அமைந்திருப்பது. தடித்த படைகளை அகற்றுவதிலும், குணம் நீடிப்பதிலும் பூவா சற்று மேம்பட்டதெனினும், குமட்டலும், அன்று முழுதும் கண்ணைக் காக்க வேண்டிய நிர்ப்பந்தமும், வெள்ளைத் தோலினரிடையே நெடுங்காலப் பிரயோகத்தில் காணப்பட்ட சருமப் புற்றுநோயும் அதைப் பின்தள்ளிவிட்டன. கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் அது ஆகாது. குறும்பட்டை முறை அவர்களுக்கும் உகந்தது. ஆகவே முதலில் நாடத்தக்கது அதுவே என்பதில் ஐயமில்லை.

ஆயினும் சென்னையின் மேற்குப் புறநகர்களில் இவ்விரண்டையும் ஒப்பிடும்போது, அலைநீளத்தைக் காட்டிலும் தொலைவே பெரிய வேறுபாடாகிறது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஷிப்டு முறையில் உழைப்பவர், ஆவடியிலிருந்து மின்சார ரயிலேறி சென்ட்ரலுக்கு எதிரேயுள்ள அரசுப் பொது மருத்துவமனைக்கோ, பூந்தமல்லியிலிருந்து பஸ் பிடித்துப் போரூரிலுள்ள மருத்துவமனைக்கோ வாரம் மும்முறை செல்வதாயின், அரைநாள் சம்பளம் கரைகிறது. பத்து அமர்வுகளில் செதில் உதிர்ந்ததும் பலர் நின்றுவிடுகின்றனர், படையும் திரும்புகிறது. இத்தகையோருக்காகவே மாத்திரையுடன் வெயிலைச் சேர்த்த 'பூவாசோல்' முறை இந்தியாவில் வழங்குகிறது. விளக்கு வேண்டாம், செலவும் சொற்பம். ஆனால் வெயிலின் வீரியம் வேளைக்கு வேளை மாறுவதால் ஐந்து நிமிஷத்தில் தொடங்க வேண்டியதை அரைமணி நேரமாக்கியவர் கொப்புளத்தோடு திரும்புவர். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் சிகிச்சையே அறுந்துபோகும். நாலு வீட்டு ஜன்னல்கள் பார்க்கும் மொட்டைமாடியில் முதுகைத் திறந்து உட்காரப் பெண்களுக்கு இயலாது என்பது மருத்துவச் சீட்டில் எழுதப்படாத இடையூறு. வெட்பாலைத் தைலம் பூசிக் காலை வெயிலில் இருக்கும் சித்த வழக்கமும் இங்கே பரவலாக உண்டு; அதைச் சோராலனுடன் மருத்துவரைக் கேளாமல் சேர்த்தல் தகாது.

சிறு படைகளுக்கு மட்டும் 308 நானோமீட்டர் எக்சைமர் லேசர் ஏற்றது. சுற்றியுள்ள நல்ல தோலை அது தீண்டுவதில்லை. வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் குறும்பட்டைக் கருவி, மருத்துவமனைச் சிகிச்சைக்கு நிகரான குணம் தருவதாக 2009-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு காட்டியது.