ஏடும் வாய்மொழியும்: புதுவைப் பல்கலைக்கழகத்தின் இரு பேராசிரியர்கள்

ஒரு பேராசிரியரின் ஆய்வுச் சாதனையை இன்று அவர் வெளியிட்ட கட்டுரைகளைக் கொண்டும், அவற்றைப் பிறர் மேற்கோள் காட்டிய தடவைகளைக் கொண்டும் அளக்கிறார்கள். 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவான புதுவைப் பல்கலைக்கழகத்தில், தொடக்க ஆண்டுகளில் பணியாற்றிய இருவரை இந்த அளவுகோலில் நிறுத்த முடியாது. ஒருவர் நாடகத் துறையை நிறுவிய இந்திரா பார்த்தசாரதி (இ.பா.). மற்றவர் வருகைதரு பேராசிரியராக வந்த கி. ராஜநாராயணன் (கி.ரா.).

இருவரும் சாகித்ய அகாதெமி விருது பெற்றவர்கள். 1977இல் 'குருதிப்புன'லுக்காக இ.பா. பெற்றார், 1991இல் 'கோபல்லபுரத்து மக்க'ளுக்காகக் கி.ரா. பெற்றார். ஆனால் வந்த வழி வேறு. இ.பா. வைணவத்தில் முனைவர் பட்டம் பெற்று, தில்லியிலும் போலந்தின் வார்சாவிலும் கற்பித்தவர். கி.ரா. கோவில்பட்டிக்கு அருகில் உள்ள இடைசெவல் கிராமத்து விவசாயி. பள்ளிப் படிப்பையே முடிக்காதவர்.

ஆய்வு முறையிலும் இருவரும் எதிரெதிர்த் திசையில் நின்றார்கள். இ.பா.வுக்கு வரலாறும் தத்துவமும்தான் மூலப்பொருள். ஔரங்கசீப்பையும் நந்தனையும் மேடையேற்றி, அதிகாரம் பற்றிய இன்றைய கேள்விகளை எழுப்பினார். முனைவர் பட்டத்துக்காகக் கற்ற வைணவம் 'இராமானுஜர்' நாடகமாக விளைந்தது. அதற்கு 1999இல் சரஸ்வதி சம்மான் கிடைத்தது. கி.ரா.வுக்கு மக்களின் பேச்சே ஆவணம். அகராதிகள் கண்டுகொள்ளாத, தம் கரிசல் வட்டாரத்துச் சொற்களைச் சேர்த்து, வட்டார வழக்குச் சொல்லகராதியைப் பல்கலைக்கழகத்துக்கு வரும் முன்பே உருவாக்கியிருந்தார். புதுவையில் மாணவர்களைக் கொண்டு நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டினார். சொல்பவரின் தொனியையும் கொச்சையையும் திருத்தாமல் காத்தது அவருடைய முறை. பாலியல் கதைகளையும் அவர் ஒதுக்கவில்லை. வடிகட்டிச் சேர்த்தால் அது மக்களின் கதைத் தொகுதி ஆகாது என்பதில் உறுதியாக இருந்தார்.

நிலைத்த விதமும் வேறு. இ.பா. விட்டுச் சென்றது ஒரு துறை. 1922இல் புதுச்சேரியில் மறைந்த நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரை அது தாங்கியிருக்கிறது. கி.ரா. விட்டுச் சென்றவை நூல்களும், கதை கேட்கப் பழகிய மாணவர்களும். இந்த இரு மரபுகளும் ஒன்றாகக் கலந்ததை அதே நாடகத் துறையில் பின்னர் பணியாற்றிய கே.ஏ. குணசேகரனிடம் காணலாம். நாட்டுப்புறப் பாடலை ஆராய்ந்தவர், பாடியவர், 'பலியாடுகள்' நாடகத்தை எழுதியவர் அவர்.

எது பெரிய சாதனை? நிறுவனமாக வேரூன்றியது இ.பா.வின் பணி. ஆனால் பல்கலைக்கழகத்தின் துணிவைக் காட்டியது கி.ரா.வின் நியமனம்தான். பட்டம் இல்லாத வல்லுநரையும் 'நடைமுறைப் பேராசிரியர்' ஆக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு நெறிமுறை வகுத்தது 2022இல். புதுவை அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே அதைச் செய்துவிட்டது.

அந்தத் துணிவு இப்போதும் தேவைப்படுகிறது. புதுச்சேரியில் மூலக்குளத்திலிருந்து வில்லியனூர் வரை விழுப்புரம் சாலையின் இருபுறமும் ஊர்கள் நகரமாகிவருகின்றன. அங்கே பழங்கதை தெரிந்த முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் மாணவர்களை அனுப்பட்டும் பல்கலைக்கழகம். அந்த முதியவர்களில் ஒருவரையாவது வகுப்பறைக்கு அழைத்துப் பேச வைக்கட்டும். கட்டுரைகளை எண்ணும் வேலையை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.