எண்ணைப் பார்த்து நாட்டைச் சொல்ல முடியுமா?

தொலைபேசி எண்ணின் முன்னே 044 என்றிருந்தால் சென்னை என்று சொல்லிவிடுகிறோம். 0452 என்றால் மதுரை. இணையத்தில் சேரும் கணிப்பொறிக்கும் ஓர் எண் உண்டு. 1981-இல் வகுத்த விதிப்படி அது 32 இரும இலக்கங்களைக் கொண்டது. ஆனால் ஊரையோ நாட்டையோ குறிக்கும் இலக்கம் எதுவும் அதில் இல்லை. ஆகவே இணையத்துக்கு எல்லைக்கோடு கிடையாது என்று பலர் நம்பினர். 2000-ஆம் ஆண்டு பாரிஸ் நீதிமன்றம் ஒன்றில் அந்த நம்பிக்கை சோதனைக்கு உள்ளாயிற்று.

அமெரிக்க நிறுவனமான யாஹூவின் ஏலத் தளத்தில் நாஜிச் சின்னங்கள் விலைக்கு வந்தன. அமெரிக்காவில் அதற்குத் தடையில்லை. பிரான்சிலோ அவற்றைப் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பதே குற்றம். இனவெறி எதிர்ப்புச் சங்கம் ஒன்றும், யூத மாணவர் சங்கம் ஒன்றும் வழக்குத் தொடுத்தன. பிரான்சில் இருப்போர் அப்பக்கங்களை அடையாதபடி தடுக்குமாறு மே 22 அன்று நீதிபதி ழான்-ழாக் கோமேஸ் ஆணையிட்டார். வருபவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று அறிய வழியில்லை என்றது நிறுவனம்.

உண்மையில் வழியில்லையா? இதை ஆராய மூன்று வல்லுநர்கள் அமர்த்தப்பட்டனர். அவர்களுள் ஒருவர் விண்ட் செர்ஃப். இணையத்தின் அடிப்படை விதிகளை வகுத்த இருவரில் ஒருவர்.

இணைய எண்கள் கற்றை கற்றையாக இணைப்பு நிறுவனங்களுக்கு வழங்கப்படுகின்றன. எந்தக் கற்றை யாரிடம் உள்ளது என்பதற்குப் பதிவேடு உண்டு. அதைக் கொண்டு நாட்டை ஊகிக்கலாம். இவ்வாறு பிரான்சில் உள்ளவர்களில் ஏறத்தாழ 70 சதவீதத்தினரை இனங்காணலாம் என்றது அறிக்கை. மற்றவர் விஷயத்தில் ஊகம் பொய்க்கும். ஓர் அமெரிக்க நிறுவனத்தின் வழியே இணைந்த பிரெஞ்சுக்காரர், பதிவேட்டின்படி வர்ஜீனியாவில் இருப்பவராகத் தென்பட்டார்! வருபவரையே நாட்டைச் சொல்லச் செய்தால் 90 சதவீதத்தை எட்டலாம் என்றும் அறிக்கை கூறிற்று. அவர் பொய் சொன்னால் என்ன செய்வது என்று செர்ஃப் ஐயுற்றார்.

நீதிபதிக்கு அந்த அளவே போதுமானதாக இருந்தது. நவம்பர் 20 அன்று மூன்று மாத கெடு விதித்தார். மீறினால் நாளொன்றுக்கு 1,00,000 பிராங்க் அபராதம். 2001 ஜனவரியில் நிறுவனம் அப்பொருள்களைத் தன் ஏலத்திலிருந்தே விலக்கியது.

அதன்பின் நாடு பார்த்துக் கதவடைப்பது வழக்கமாயிற்று. திரைப்படத் தளங்கள் உரிமை விற்ற நாடுகளுக்கு மட்டும் படம் காட்டுகின்றன. 2018 மே மாதம் ஐரோப்பாவில் தகவல் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நாளிதழ் தன் தளத்தை ஐரோப்பிய வாசகர்களுக்கு மூடிற்று.

“உங்கள் நாட்டில் கிடைக்காது” என்ற அறிவிப்பை நீங்களும் கண்டிருப்பீர்கள். அது உங்கள் இருப்பிடத்தை அளந்து சொன்னதன்று. எண்ணைப் பதிவேட்டில் பார்த்து ஊகித்தது. வேறு நாட்டுக் கணிப்பொறி வழியே வருபவர் உள்ளே நுழைந்துவிடுவார். பதிவேட்டில் பிழை இருந்தால் உரியவரே வெளியே நிற்பார். எந்த அளவீட்டுக்கும் பிழை எல்லையைக் குறிக்க வேண்டும் என்பது ஆய்வுக்கூடத்தில் நாம் கற்கும் முதற்பாடம். இந்த அளவீட்டிலோ, பிழையின் சுமை அளந்தவர்மேல் விழுவதில்லை; அளக்கப்பட்டவர்மேல் விழுகிறது.