பேருந்து கேட்டவர்கள்

பள்ளியின் தேர்ச்சிப் பட்டியல் ஒருபுறம். அங்குப் பயில்வோர் இன்ன இனத்தார், இத்துணைப் பேர் ஏழையர் என்னும் கணக்கு மறுபுறம். இரண்டையும் அருகருகே வைத்து, "பார்த்தீர்களா? இவர்கள் மிகுந்த இடத்தில் மதிப்பெண் குறைகிறது. இது பிறவிக் குறை!" என்று தீர்ப்புக் கூறுவோர் உலகெங்கும் உளர். எண்ணைக் காட்டுகிறார்கள், எண் பிறந்த கதையை மறைத்துவிடுகிறார்கள். அக்கதையின் ஓர் ஏட்டை அமெரிக்க நாட்டின் தென் கரோலினா மாநிலத்திலிருந்து நாம் புரட்டிப் பார்ப்போம்.

பருத்தி விளையும் மண் கிளாரண்டன் மாவட்டம். 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கே கருப்பினப் பிள்ளைகள் 6,531 பேருக்கு 61 பள்ளிகள். வெள்ளைப் பிள்ளைகள் 2,375 பேருக்கு 12 பள்ளிகள். அறுபத்தொன்றா! எத்துணைத் தாராளம் என்று மயங்கிவிட வேண்டாம். அந்த 61 பள்ளிகளின் மொத்த மதிப்பு 1,94,575 டாலர்; இந்தப் பன்னிரண்டின் மதிப்பு 6,73,850 டாலர். 1949–50ஆம் ஆண்டில் வெள்ளைப் பிள்ளை ஒருவனுக்கு 179 டாலர் செலவிட்டவர்கள், கருப்புப் பிள்ளைக்கு ஒதுக்கியது 43 டாலர். வெள்ளைப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லப் பேருந்துகள் 30. கருப்புப் பிள்ளைகளுக்கு? ஒன்றுகூட இல்லை. கல் தொலைவுகளைக் கால்களால் அளந்தபடி அவர்கள் நடந்தார்கள்.

1947இல் லீவை பியர்சன் என்னும் உழவர் ஒரு பேருந்து கேட்டார். நாட்டைக் கேட்கவில்லை; ஆட்சியைக் கேட்கவில்லை; ஒரே ஒரு பேருந்து! கொடுக்கவில்லை, வழக்குத் தொடுத்தார். அவருடைய நிலம் எந்தப் பள்ளி வட்டாரத்தின் எல்லைக்குள் இருக்கிறது என்ற நுணுக்கத்தைக் காட்டி 1948இல் வழக்கைத் தள்ளினர். ஊர்க் கடைகளில் அவருக்குக் கடனும் கிடைக்காமற் போயிற்று.

அவருக்குத் துணை நின்றவர் ஜோசப் டி லெய்ன். பாதிரியார்தாம், ஆயினும் "பொறுத்திரு, மேலுலகில் கிடைக்கும்" என்று மக்களைத் தூங்க வைக்காமல், வழக்குமன்றத்துக்கு வழிகாட்டியவர். பேருந்து மட்டும் போதாது, பள்ளியே சமமாக வேண்டும் என்று சம்மர்ட்டன் ஊரின் பெற்றோர் 1949இல் கையெழுத்திட்டனர். முதலில் நின்ற பெயர்களுள் ஒன்று ஹாரி பிரிக்ஸ். பெட்ரோல் நிலையத் தொழிலாளி; வேலை போயிற்று. அவர் துணைவியார் எலிசாவுக்கும் வேலை போயிற்று. 1951இல் டி லெய்னின் வீடு எரிந்தது. கல்வி கேட்டதற்குக் கிடைத்த பரிசு இதுதான்!

அவ்வாண்டு மே திங்களில் சார்லஸ்டன் நகரில் வழக்கு நடந்தது. வாதாடியவர் தர்குட் மார்ஷல். சம்மர்ட்டனை உள்ளடக்கிய 22ஆம் எண் பள்ளி வட்டாரத்தில், 808 கருப்பு மாணவர் பயின்ற மூன்று பள்ளிகளின் மதிப்பு, 276 வெள்ளை மாணவர் பயின்ற இரண்டு பள்ளிகளின் மதிப்பில் கால் பங்கே என்பது அங்கே வெளிப்பட்டது. உளவியலறிஞர் கென்னத் கிளார்க், அம்மாவட்டத்துக் கருப்புப் பிள்ளைகள் 16 பேரிடம் வெள்ளை பொம்மையையும் கருப்பு பொம்மையையும் காட்டி, "கெட்டதாகத் தோன்றுவது எது?" என்று கேட்டிருந்தார். 11 பிள்ளைகள் தங்கள் நிறத்துப் பொம்மையையே சுட்டினர். பிறவிக் குறையா அது? பிஞ்சு நெஞ்சில் ஊட்டப்பட்ட நஞ்சு!

நடுவர் மூவரில் இருவர் பிரிவினையை ஏற்றனர். வேட்ஸ் வேரிங் ஒருவரே, பிரித்து வைப்பதே ஏற்றத்தாழ்வுதான் என்று மாற்றுத் தீர்ப்பு எழுதினார். மாநில ஆட்சி என்ன செய்தது? புதிய விற்பனை வரி போட்டுக் கருப்பினத்தாருக்குப் புதுப்பள்ளிகள் கட்டத் தொடங்கியது. சேர்ந்து உட்காருவதைத் தடுக்க எவ்வளவு பணமும் செலவிடலாம்! அதுவரை "பணம் இல்லை" என்றது பொய் என்று அவர்களே மெய்ப்பித்தார்கள்.

1954 மே 17இல் உச்சநீதிமன்றம் பிரிவினைப் பள்ளி செல்லாது என்றது. தீர்ப்பு வந்தது, பேதம் போயிற்றா? சம்மர்ட்டனின் வெள்ளைப் பள்ளியில் கருப்பு மாணவர் கால்வைத்தது 1965இல். அதே ஆண்டில் வெள்ளையருக்கெனத் தனியார் பள்ளி முளைத்தது. காலப்போக்கில் வெள்ளைப் பிள்ளைகள் பொதுப்பள்ளியைக் காலி செய்தனர். சட்டம் கதவைத் திறந்தது; ஆதிக்கம் வேறு வாசல் வழியே வெளியேறி, பொதுப்பள்ளியை ஏழையிடம் விட்டுச் சென்றது.

அரை நூற்றாண்டு கழிந்தது. அதே கிளாரண்டனின் தலைநகர் மேனிங்கில் 2003இல் மற்றொரு வழக்கு விசாரணைக்கு வந்தது. மாநிலத்தின் ஏழைப் பள்ளி வட்டாரங்கள் 1993இல் தொடுத்த வழக்கு அது. மாணவருள் மிகப் பெரும்பாலோர் கருப்பினத்தார், ஏழையர், தேர்வில் பின்தங்கியோர். வழக்குத் தொடுத்த வட்டாரங்களுள் ஒன்று டில்லன் மாவட்டத்தில் இருந்தது. அங்கே நடுநிலைப்பள்ளி நடந்த கட்டடத்தின் பழைய பகுதி 1896இல் எழுந்தது; பக்கத்தே தொடர்வண்டி ஓடும்போதெல்லாம் ஆசிரியர் பாடத்தை நிறுத்தினார். 2009இல் அப்பள்ளி மாணவி ஒருத்தி நாடாளுமன்றத்துக்கு மடல் எழுதிய பின்னரே நாடு திரும்பிப் பார்த்தது. 2012இல் புதுக்கட்டடம் வந்தது. வழக்கில் 2014இல் மாநில உச்சநீதிமன்றம் பிள்ளைகளுக்கு உரிய வாய்ப்பை அரசு தரவில்லை என்று கூறியது. அது சுட்டிய குறைகளுள் ஒன்று – போக்குவரத்து! 1947இல் கேட்ட பேருந்து 67 ஆண்டுகளுக்குப் பின்னும் வழக்குமன்றத்தில் நின்றது. 2017இல் அந்த நீதிமன்றமே தன் மேற்பார்வையை முடித்துக்கொண்டது.

இப்போது சொல்லுங்கள், தோழர்களே! அந்த மதிப்பெண் யாருடையது? தேர்வெழுதிய பிள்ளையுடையதா, 179க்கும் 43க்கும் இடையே கோடு கிழித்தவர்களுடையதா?

"தகுதி, திறமை" என்று எவரேனும் நம்மிடம் தேர்ச்சிப் பட்டியலை நீட்டினால், அதைக் கிழித்தெறிய வேண்டாம், வாங்கிப் படிப்போம். படித்தபின் மூன்று பத்திகளைச் சேர்த்து எழுதித் தரும்படி கேட்போம்: இப்பிள்ளைக்குச் செலவிட்டது எவ்வளவு? கற்பிக்க வந்தவர் எத்தனை பேர்? இவன் பள்ளிக்கு வருவது எப்படி? அந்த மூன்றும் நிரம்பாத பட்டியல் பிள்ளையை அளக்கவில்லை. பிறப்பைச் சொல்லிப் பிழைப்பவர் மறைத்த கணக்கையே அளக்கிறது.